மகஜர்

சூலூர்க் குளக்கரையில்
விடியுமுன்னே சுருள்வாள் சுழற்றினேன்.
நடக்க வந்தவர் யாரோ போன் போட்டுவிட்டார்.

"பொது எடத்துல ஆயுதமா அம்முணி?"
இளநீர் வண்டியில் வெட்டிக்கொண்டிருந்த அருவாள்
ஒரு நொடி நின்று
மறுபடி வெட்டியது.

ஸ்டேஷனில் ரைட்டர் பொங்கியண்ணன் எழுதினார்:
தகடு ஒன்று. நீளம்...
சுருண்டால் ஒரு சாண்.
விரிக்கப் பார்த்தார்.
டீ டம்ளர் உருண்டது.
"நீயே புடிச்சுக் காட்டு."

உதறினேன்.
லாக்கப் கம்பிவரை போய்ச்
சிலிர்த்துத் திரும்பியது ஒரு வெளிச்சம்.
எஸ்.ஐ. உட்பட மூன்று பேர்
சுவரோடு ஒட்டியிருந்தார்கள்.

"எத்தன அடிங்?"
மரியாதை வந்திருந்தது.
"நாலரைங்."

சாட்சிக்கு இளநீர்க்காரரைக் கூட்டிவந்தார்கள்.
அருவாளை மேசைமேல் வைத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.
மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.