நானூற்றுப் பதினேழின் மீதி

எல் ஆல்டோவில்
எண்பத்தாறு டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.
உருளைக்கிழங்கு வேக நேரமாகும்.
பிள்ளைகள்தான் அவசரப்படுகிறார்கள்.

ஏன் என்று கேட்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.
நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில்
காற்று கஞ்சன்.
தாய் இழுக்கும் மூச்சில் பிள்ளைக்கு எவ்வளவு பங்கு,
யாருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்,
யாருக்கு ஏறாமல் விட்டுவிடும்.
ஆயிரம் பெண்களைப் பார்த்தபிறகு சொல்வார்களாம்.
என் வேலை நிறுப்பது.

நஞ்சு என்று அதற்குப் பெயர் வைத்தவர்
அதைக் கழுவிப் பார்த்திருக்கமாட்டார்.
குளிர்ந்த உப்புநீரில் ரத்தம் போனதும்
கொடி நின்ற இடத்திலிருந்து
நீல ஓடைகள் பிரிந்து பிரிந்து
விளிம்பில் காணாமல் போகும்.
சிலவற்றில் ஓடை வறண்டு
வெளிறிய திட்டுகள்.
அந்தத் திட்டுகளுக்காகத்தான்
எங்களுக்குச் சம்பளம் வருகிறது.

எவுசெபியா தார்கி.
சந்தையில் கம்பளிநூல் விற்பவள்.
முப்பத்துநான்காம் வாரம்.
மூன்று நாளாகத் தலைவலி, கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது,
வெயில்தான் என்றாளாம்.
நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து.
நர்ஸ் ரெமெடியோஸ் அந்த எண்ணை
இரண்டுமுறை வாசித்தாள்,
இரண்டாம்முறை சத்தமில்லாமல்.
மக்னீசியம் ஏற்றினார்கள். கத்தி வைத்தார்கள்.
விடியற்காலை மூன்று பத்துக்குப் பெண்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
அழுதது,
பக்கத்து அறைக்குக் கேட்காத அழுகை.

என் தட்டுக்கு வந்தது முந்நூற்று ஐந்து கிராம்.

அரைமணிக்குள் வெட்டி உறையவைக்க வேண்டும்.
பத்தாவது நிமிடம் கதவு தட்டுகிறார்கள்.
ஃப்ரோய்லான் லாருத்தா, மினிபஸ் ஓட்டுகிறவர்,
கையில் பூப்போட்ட எனாமல் பேசின்.
"அதை வாங்கிப்போக வந்தேன்."

கையெழுத்து இருக்கிறது.
பதினோரு பக்கம், ஏழாம் பக்கத்தில் 'திசு'.
அன்று படித்துக்காட்டியது நான்தான்.
திசு என்று படித்தேன்.
அவள் தலையாட்டினாள்.
இரண்டுபேருக்கும் நேரமில்லை.

எதற்கு என்று அவர் விளக்கவில்லை.
நானும் ஐமாராக்காரிதான்.
என்னுடையது வியாச்சாவில் ஒரு சுவரோரம் கிடக்கிறது,
மேலே இப்போது செல்போன் கடை.

நெறிமுறை முழுசையும் கேட்கிறது.
நான்கு நகமளவுத் துண்டு குளிர்பெட்டிக்கு;
மீதியை நோய்க்கூறு டாக்டர் பார்ப்பார்,
பிறகு வெள்ளிக்கிழமை உலை.
அவர் பார்க்கவேண்டிய திட்டுகள் அதில் இருந்தன.
மூன்று. ஒன்று கட்டைவிரல் அகலம்.
அளவுகோல் வைத்து இரண்டு பக்கமும் படமெடுத்தேன்.
நான்கு துண்டு வெட்டினேன்.
பேசினை வாங்கிக்கொண்டேன்.

"அந்த நாலும்?"
குளிர்பெட்டியில் இருக்கும்.
"எவ்வளவு குளிர்?"
மைனஸ் எண்பது.

ஒருரோ சாலையில் ஜூன் மாத இரவுகளில்
வண்டி ஓட்டியவர்.
கணக்குப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது.
சட்டைப்பையில் துழாவி
அவள் கடைநூல் ஒரு சாண், செங்கல் நிறம்,
எடுத்து நீட்டினார்.
"ஒன்றையாவது சுற்றிவையுங்கள்."

சுற்றினேன்.
பார்கோடு மறையாமல்.

விலகல் படிவத்தில்
காரணம் எழுத இரண்டு வரி இடம்.
'கேட்டார்' என்று எழுதினேன்.
இரண்டாவது வரி அப்படியே இருக்கிறது.
டாக்டர் உர்கிடி இன்னும் கூப்பிடவில்லை.

நாலாம் நாள்.
குழந்தை முப்பது கிராம் இளைத்திருக்கிறது,
அது வழக்கம்தான் என்கிறார்கள்.
எவுசெபியாவுக்கு இன்னும் நூற்றைம்பதிலிருந்து இறங்கவில்லை,
அது வழக்கம் என்று யாரும் சொல்லவில்லை.
நூலைப் பற்றி அவளுக்குத் தெரியுமா,
நான் கேட்கவில்லை.

நாளை புதிதாக ஒருத்தி சேர வருகிறாள்,
எட்டு வாரம்.
ராத்திரி உட்கார்ந்து
ஏழாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன்.
திசு.
இங்கே நிறுத்தவேண்டும்.
திசு, அதாவது