கம்பி இல்லாத இடம்

ஹட்டனில் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தட்டுக் கடை.
பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் மூன்று தட்டு.
மலையில் கட்டடம் கீழ்நோக்கித்தான் வளரும்.

அடித்தட்டில்
இல்ஹாம் முதலாளியின் சேலை மூட்டைகள்
பலகை மேல் ஏறி நிற்கின்றன.
ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள்
தரைக்கு வியர்க்கிறது.
துடைத்துத் துடைத்துக்
கடைப் பொடியன்மாரின் விரல் வெளுத்துவிட்டது.
"குழி ஒன்னு வெட்டு, மோட்டர் வைப்போம்.
ரெண்டடிக்கு ரெண்டடி. ரெண்டு நாள் சம்பளம்."

சோக்கட்டி எடுத்தேன்.
டேப்பை இழுத்து அளப்பதாக நடித்தேன்.
அளக்க வேண்டியதில்லை.
வடமூலைத் தூணிலிருந்து ஐந்து எட்டு,
அவ்வளவுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்
இந்தத் தரையைப் போட்டவன் நான்.
நானும், இப்போது கத்தாரில் இருக்கும் பரமகுருவும்.
மிக்சர் இறங்காத சந்து.
தாச்சி தாச்சியாகத் தோளில் சுமந்தோம்
அறுபத்தெட்டுப் படி.
நாலு மணிக்குக் கம்பி முடிந்துவிட்டது.
முடிந்துவிட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது.
அந்தோனிப்பிள்ளை பாஸ் பாதியை
லொறியிலிருந்து இறக்கவே இல்லை.
இறக்கியதிலும் நாலு
ராத்திரியோடு ராத்திரியாக
டிக்கோயாவுக்கு நடந்தன, என் தோளில்.
என் குசினிக் கூரையை இன்றைக்கும்
தாங்குவது அவைதான்.
"கொட்டு. மட்டப்பலகையை இழு.
தரைக்குள்ள யாரு பார்க்கப் போறா?"

கண்டியிலிருந்து வாடகைக்கு வந்தது
வைரப் பல் தகடு.
தண்ணீர் ஊற்றக் குலேந்திரன்.
முதல் கோடு:
சத்தமில்லை அது, பல்லுக்குள் ஏறும் குளிர்.
சாம்பல் நிறப் பால் வழிந்து
சப்பாத்துக்குள் போனது.
கம்பி பட்டால் தகட்டின் குரல் மாறும்,
பொறி பறக்கும்.
காதைக் கொடுத்துக் காத்திருந்தேன்.
நாலு கோடும் ஒரே குரலில்,
பாண் அறுப்பதுபோல்.

பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது
ரெண்டு நாள் வேலை.
வெட்டிய கோட்டிலேயே
திரும்பவும் தகட்டை ஓட்டினேன்.
"அண்ணே, அது வெட்டியாச்சு."
"ஊத்துடா."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் ஓட்ட வெட்கமாயிருந்தது.
அலவாங்கைக் கொடுத்து நெம்பினோம்.
துண்டு முழுசாக எழும்பியது, பானை மூடி மாதிரி.
அடியில் நைந்த பொலித்தீன்,
அதற்கும் அடியில் சிவப்பு மண்.
மண்ணுக்குள்ளிருந்து
கலங்காமல், அவசரப்படாமல்
தண்ணீர் ஏறி வந்தது,
கதவு எப்போது திறக்கும் என்று
வெளியே நின்றிருந்த ஆள் மாதிரி.

முதலாளி இறங்கி வந்தார்.
சாரத்தை மடித்துக் குந்தினார்.
வெட்டு முகத்தில் விரலை ஓட்டினார்,
நாலு பக்கமும்.
ஓரிடத்திலும் இரும்பின் கண் இல்லை.

என் தொண்டையில் சீமெந்து.
"முதலாளி, இதைப் போட்டது நான்தான்."

"தெரியும்" என்றார் விரலை எடுக்காமல்.
"உன் கையெழுத்து இருக்கே பழைய புத்தகத்துல,
ஆணிமுத்துன்னு, கோணலா.
போன வருஷம் உன் பாஸ் வந்து
கடனுக்கு வேட்டி எடுத்துக்கிட்டு
எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனான்,
உன் நாலையும் சேர்த்து.
கண்டிக்காரனைக் கேட்டேன்,
குழிக்கு மூணு தகடு தேயும்னான்.
கம்பி இல்லாத இடம்
போட்டவனுக்குத்தானே தெரியும்."

குலேந்திரன் வாளியை வைத்துவிட்டு
சுவரைப் பார்த்து நின்றான்.

ஆறு மணிக்கு மோட்டர் முதல் மடக்கை இழுத்து
இருமி, பிறகு நிதானமாய்க் குடித்தது.
கல்லாவில் காசு எண்ணினார் முதலாளி.
ரெண்டு நாள் சம்பளம் முழுசாக.
அதில் நாலு கம்பிக்குக் கழித்தார்,
அந்த வருஷத்து விலைக்கு.
இன்றைய விலையில் அந்தக் காசுக்கு
ஒரு முழம் வராது.
பில்லும் எழுதித் தந்தார்.

டிக்கோயா பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
பில் சட்டைப் பையில் நனைந்துகொண்டிருந்தது.
வீட்டிலிருந்து போன்.
குசினிக்குள் ஒழுகுகிறதாம்,
அடுப்பை நகர்த்திவிட்டாளாம்.
"கம்பி நல்லாத்தான் இருக்கு" என்றேன்,
"தகரத்தைத்தான் பார்க்கணும்."
இவன் ஏன் கம்பியைப் பற்றிப் பேசுகிறான் என்று
அவளுக்கு விளங்கவில்லை.