ஓர் எழுத்தின் வால்

சாலைத் துறை புதிதாய் நட்ட பலகையில்
எங்கள் ஊர்ப்பெயருக்கு ஒரு வால் குறைகிறது.
எழுத்தின் காலடியில் தொங்கும் சின்னக் கொக்கி,
அவ்வளவுதான்.
இருந்தால் செங்கோத்கி.
இல்லாவிட்டால் செகோத்கி,
ஜலதோஷக்காரன் கூப்பிட்டதுபோல.

ஊர்த்தலைவி நான். புகார் எழுதிப் போட்டேன்.
பதிலுக்கு ஒரு படிவம் வந்தது:
அமைவிடம், வரலாறு,
பத்து வரிக்கு மிகாமல்.

வடக்கே ஏரி. தெற்கே பைன் காடு.
நடுவில் ஒரே தெரு, முப்பத்தொன்பது வீடு.
மண்ணைவிடக் கல் அதிகம்.
ஸ்வீடனிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வந்த பனிப்பாளம்
இங்கே களைத்துப்போய் உருகிவிட்டதாம்.
வசந்தம் வந்தால் உருளைக்கிழங்குக்கு முன்னால்
கல் அறுவடை.
இங்கே முதலில் குடியேறியவை அவைதான்.

அப்புறம் ஜெர்மன்காரர்கள். அப்போது ஊர்ப்பெயர் ஆஸ்ட்டென்.
போரின் கடைசி ஜனவரியில்
உறைந்த ஏரிமேல் வண்டி கட்டிப் போனார்கள்.
எல்லா வண்டியும் அக்கரை ஏறவில்லை.

மறு வருடம் மிதிவண்டியில் ஒரு குமாஸ்தா வந்தார்.
மரத்தின் கணுவுக்கு நம் மொழியில் என்ன சொல்
என்று கொஞ்சம் யோசித்து
வேலிக்கட்டைமேல் தாளை வைத்து எழுதினார்.
அந்த வால் அவர் போட்டது.

சரக்கு ரயிலில், மாடுகளோடு,
வோலினியாவிலிருந்து வந்து இறங்கினார்கள் எங்களவர்கள்.
ப்ராக்செதா ஹோவுப் மூட்டையையே அவிழ்க்கவில்லை,
இருபத்துநாலு வருடம்.
எல்லைக்கோட்டுக்குக் கால் உண்டு என்பாள்.
வெங்காயம் போட்டாள், பீட்ரூட் போட்டாள்,
ஆப்பிள் மட்டும் நடவில்லை.
காய்க்க ஏழு வருடம் கேட்கிற மரத்துக்கு
யார் ஜாமீன்?
எல்லை ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி வந்த இரவு
ரேடியோவை அணைத்துவிட்டு ஆணியில் கோட்டை மாட்டினாள்.
மண் இளகியதும் கடப்பாரையோடு போனாள்.
முதல் குத்திலேயே கல்.

எண்ணிப் பார்த்தேன். பத்து வரி எப்போதோ தாண்டிவிட்டது.
படிவத்தை அனுப்பவில்லை.

கூரைவேலைக்காரன் ஜீமோவித் ஏணியோடு போனான்.
கல் பொறுக்கும்போது அவன் வயலில் கிடைத்தது
ஒரு லாட ஆணி, துருவேறி, வளைந்து.
ஏரிக்குப் போன எந்தக் குதிரை
எந்தக் காலிலிருந்து விட்டுப்போனதோ.
எழுத்தின் கீழே வைத்து இரண்டு அடி.

ஜூனில் ஆய்வாளர் வந்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.
ஒரு மழைக்குள் துரு கோடாய் இறங்கி
கம்பத்தின் பாதிவரை வந்திருந்தது.
புகைப்படம் எடுத்துக்கொண்டு
'பிழை இல்லை' என்று எழுதிப் போனார்.