ஜூலை இருபத்து மூன்று மட்டும் காலி

வண்டியின் முன்கண்ணாடியில்
ஒட்டுநாடாவின் தயவில் தொங்குகிறது அட்டவணை.
ஜூன் மாதத்தை முழுதாக வெயில் குடித்துவிட்டது.
எங்கெங்கே வாசித்தோம் என்பதற்கு இனி
பெட்ரோல் ரசீதுகள்தாம் சாட்சி.

கிரீன்வில்லில் புறப்பட்டோம்.
ஹெலீனா, மெம்ஃபிஸ், கேப் ஜிராடோ,
பியோரியாவில் ஒரு கல்யாணம்.
பெண்ணின் தகப்பன் காசோலையில்
வெர்லீன் பெட்வேயை
வெர்னன் பெட்வே என்று எழுதிவிட்டான்.
அதை இன்னும் பர்சில் வைத்திருக்கிறாள்,
மாற்றவும் முடியாமல்
கிழிக்கவும் மனமில்லாமல்.

பிறகு அயோவாவில் சோளத் திருவிழா.
பக்கத்து மைதானத்தில் டிராக்டர் இழுவைப் போட்டி.
ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் ஓர் எஞ்சின் உறுமும்.
வெர்லீன் அது ஓயட்டும் என்று நிற்கவில்லை.
சுண்டுவிரலில் மாட்டிய பாட்டில் கழுத்தைக்
கம்பிமேல் சறுக்கவிட்டு
அந்த உறுமலை எட்டிப் பிடித்து
மரமேறிய பூனையை இறக்குவதுபோல
பத்திரமாகக் கீழே கொண்டுவந்து வைத்தாள்.
கூட்டம் கைதட்டியது.
டிராக்டர்க்காரனும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான்,
தனக்குத்தான் என்று.

நான் பேஸ் வாசிக்கிறேன், வண்டியும் ஓட்டுகிறேன்.
டிரம்ஸ் மார்செல் பின்சீட்டில் தூங்குகிறான்;
தூக்கத்திலும் அவன் வலதுகால் வேலையில்தான் இருக்கிறது.
ஏசி செத்து மூன்று வாரம்.
ஊருக்கும் ஊருக்கும் முந்நூறு மைல்,
மேடையில் முக்கால் மணி.
ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்:
ஸ்லைடு வாசிப்பவளுக்கு இதெல்லாம் புதிதா,
இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே
பெயரில்லாத இடத்தில்தானே உன் குடித்தனம்?
அதைப் பேட்டி எடுக்க வருகிறவனிடம் சொல் என்றாள்,
இப்போது திரும்ப வேண்டிய சாலையை விட்டுவிட்டாய்.

ஜூலை இருபத்து மூன்று மட்டும் காலி.
ஜனவரியிலேயே அந்தக் கட்டத்தைச் சுற்றி
சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.
அன்றைக்கு என் கதவைத் தட்டாதே,
செத்துக் கிடப்பேன்,
மறுநாள் பார்க்கலாம்.

டூபியூக்கில் வந்து சேர்ந்தது அந்த நாள், மழையோடு.
மேடைச் சட்டைகளில் புளித்த வாடை.
காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில்
நானும் மார்செலும் உட்கார்ந்திருக்க
பதினோரு மணிக்கு வந்து நின்றாள்,
தலையில் இரவுத்துணி, காலில் ஓட்டல் செருப்பு.
தூக்கம் வரவில்லை.
அறை அசையவே மாட்டேன் என்கிறது.

உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்தாள்.
ஏழாம் எண் டிரையர்
எங்கள் சட்டைகளைச் சுழற்றியபடி
ஒரே சுருதியை இழுத்துக்கொண்டிருந்தது.
ஜி இல்லை.
ஜி ஷார்ப்பும் இல்லை.
வண்டிச் சாவியைக் கொடு என்றாள்.

பழைய எஃகுக் கிட்டார் மடிமேல் படுத்தது.
கண்ணாடி கம்பிமேல் ஊர்ந்தது,
தாண்டிப் போனது,
திரும்பியது,
ஒரு மயிரிழை பின்வாங்கி
நின்றது.
இரண்டு ஒலிக்கும் நடுவே இருந்த படபடப்பு
மெல்ல மெல்லத் தளர்ந்து
இல்லாமல் போனது.

மருத்துவமனைச் சீருடையில் ஒருத்தி,
மார்பில் நோரீன் என்று பெயர்ப்பட்டை,
மடித்துக்கொண்டிருந்த போர்வையைப்
பாதியில் மறந்து நின்றாள்.

நேரம் முடிந்தது.
டிரையர் சுற்று குறைந்து
அதன் சுருதி சரியத் தொடங்கியதும்
வெர்லீனும் கூடவே சறுக்கினாள்,
கம்பியின் கடைசிவரை,
கம்பி முடிந்தபின்னும் கொஞ்சம்.

மார்செல் சூடு ஆறாத சட்டைகளைப் பையில் திணித்தான்.
நாளை மேடிசன், மறுநாள் டுலூத்,
செப்டம்பர் ஒன்பதுவரை
ஒரே மூச்சில் ஒப்பிப்பேன் நான்.
வண்டியை வாசலுக்குக் கொண்டுவர எழுந்தேன்.

நோரீன் பையைத் துழாவி
ஒரு கால் டாலரை எடுத்து
காலி டிரையரில் போட்டாள்.