போச்சோர்

கரையடியில்
உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது.
மழையில்லாத ஒன்பதாம் நாள்.

பதிவேட்டை மலாயில்தான் எழுத வேண்டும்.
போச்சோர், ஒழுகல், என்று எழுதினால்
கோலாலம்பூருக்குப் போன் போகும்,
குளத்தை இறக்கச் சொல்வார்கள்,
செம்பனை ஆலை நிற்கும்.
தீபாவளிக்குப் பதினாறு நாள்.
போனஸை நம்பி, சுங்கை மெராந்தி டவுன் நகைக்கடையில்
முன்பணம் கட்டியவர்கள் லயத்தில் பாதி.
நானும்.

லெம்பாப் என்று எழுதினேன். வெறும் ஈரம்.
பொய்யில்லை, தொட்டுப் பார்த்துத்தான் எழுதினேன்.

மேனேஜர் லிம் கையெழுத்திட்டார்.
போன வருஷம் கலிங்கில் பலகை அடித்து
இரண்டடி கூடுதலாய்த் தண்ணீர் நிறுத்தியவர்.
அதற்கு முந்தி வந்த இன்ஸ்பெக்டர் ஹம்டான்
காரைவிட்டு இறங்கவில்லை. அன்று பார்த்து மழை,
புதுச் சப்பாத்து.

களை வெட்டும் வெள்ளச்சிதான்
கண்ணாடி டம்ளரில் பிடித்து வந்தாள்.
"கிராணி, தேத்தண்ணி கணக்கா வருதே."

தெளிவாய் வந்தால் தண்ணீர் வருகிறது,
கலங்கி வந்தால் கரை வருகிறது.
ஈப்போவில் மூன்று நாள் வகுப்பெடுத்துச் சொன்னார்கள்.
திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன்.

மேசையில் டம்ளர் தெளிந்தது.
அடியில் விரல்கனம் செம்மண்,
மேலே நல்ல தண்ணீர்.
மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடியுமுன்
கீழ்லயம். பதினோரு வீடு.
ஏழாம் நம்பரில் நால்வர்.

விசாரணையில் அந்தச் சொல்மேல் விரல் வைத்து
உங்கள் எழுத்தா என்றார்கள்.
என் எழுத்துதான். அடித்தல் திருத்தல் இல்லாதது.

போச்சோருக்குள் போச்சு இருப்பது
அப்போதுதான் காதில் விழுந்தது.

வெள்ளச்சி என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
டம்ளரைத் தவிர.