அமர்வு

உசிலம்பட்டி, சந்தைக்கு எதிர்ச்சந்து.
ஒரு கணினி, ஒரு நாற்காலி,
அதில் சகாயராணி.
மற்ற எல்லோரும் நிற்பவர்கள்.

பயிர்க் காப்பீட்டுப் படிவம், நான்காம் பக்கம்.
ஒச்சப்பன் சர்வே எண் சொல்லச் சொல்லத்
தட்டிக்கொண்டே வந்தாள்.
உட்பிரிவு அவருக்கு நினைவில்லை.
மஞ்சப்பையைக் கவிழ்த்தார்:
ரேஷன் அட்டை, பிரஷர் மாத்திரை அட்டை,
சொசைட்டி ரசீது நாலாய் மடித்தது.
சிட்டா இல்லை.
வீட்டுக்கு போன் போட்டார், மகள் எடுக்கவில்லை.
எடுத்தபோது பீரோ சாவி கிடைக்கவில்லை.

அதுவரைக்கும் சகாயராணி
ஒற்றை விரலால் மவுஸை அசைத்தபடி இருந்தாள்,
பேச்சுக்கு நடுவே
பொங்கவிடாமல் பாலைக் கிண்டுகிறவள் மாதிரி.
"இப்பிடி ஆட்டிக்கிட்டே இருந்தா
வெளிய தள்ளாதுக்கா."

தள்ளும்.
அந்த அம்புக்குறியின் ஓட்டம்
இந்தக் கண்ணாடியைத் தாண்டி எங்கும் போவதில்லை.
எங்கோ இருக்கும் சர்வருக்கு
ஒரு பொத்தான் அமுங்கினால்தான்
இங்கே ஆள் இருப்பது தெரியும்.
எனக்குத் தெரியும்.
வடபழஞ்சியில், ஏசி குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
அந்த எண்ணை எழுதியவள் நான்.
தொள்ளாயிரம் நொடி.
ஏன் ஆயிரம் இல்லை என்று யாரும் கேட்கவில்லை.
நானும்.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் திரை வெளுத்தது.

உங்கள் அமர்வு காலாவதியானது.

ஒச்சப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தார்.
பிறகு கேட்டார்:
"நான் உக்காரவே இல்லையேம்மா?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்து நின்ற பையன்
அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தான்.
பூட்டாமல் விட்டிருந்தால்
வங்கிக் கணக்கு, நகைக்கடன் பாக்கி,
மனைவி பெயரில் எழுதிய முப்பது சென்ட்,
எல்லாம் அவன் கண்ணுக்குப் போயிருக்கும்.
பூட்டு தப்பில்லை.
ஆனால் கடையைச் சாத்துகிறவன்
சரக்கைக் கொளுத்திவிட்டா
சாவியை எடுத்துக்கொண்டு போகிறான்?

ராத்திரி பஸ், செக்கானூரணி தாண்டியதும்
மடியில் லேப்டாப்பைத் திறந்தேன்.
தொள்ளாயிரத்தில் கைவைக்கவில்லை.
ஒவ்வொரு கட்டம் நிரம்பியதும் சேமிக்கச் சொன்னேன்.
பதினாலாவது நிமிடத்தில்
"இருக்கீங்களா?" என்று ஒருதரம் கேட்கச் சொன்னேன்.

அப்புறம் அந்த வரி.
அமர்வை எடுத்தேன், காலாவதியை எடுத்தேன்.
நேரமாகிவிட்டதால் பூட்டியிருக்கிறோம்.
எழுதினது எழுதினபடி இருக்கிறது.
சிட்டாவோடு வாருங்கள்.

நாகமலையில் பஸ் நின்று ஆள் இறக்கியது.
கடைசி வரியை அடித்தேன்.
நிற்கிற எல்லோருக்கும்
தொலைவது சிட்டா இல்லை.