பிறந்த இடம் என்ற கட்டம்

ஷார்ஜாவில் 'ஆசியர்' என்றால்
செய்தித்தாளில் விழுகிறவர்.
ஆசியர் ஒருவர் ஒன்பதாம் மாடியிலிருந்து.
ஆசியர் இருவர் தண்ணீர்த் தொட்டிக்குள்.
பெயர் வராது, வயது வரும்.

எங்கள் அருங்காட்சியகத்தில்
இரண்டாம் தளம் முழுக்க ஆசியக் கலை.
அங்கே எதுவும் விழுவதில்லை.
ஒவ்வொன்றுக்கும் அடியில் மெழுகு வைத்து
அசையாமல் ஒட்டியிருக்கிறோம்
நானும் தில்பகதூரும்.

இந்த வாரம் ஒரு ஜாடி.
பர்மாவில் சுட்டது.
நாகப்பட்டினத்தில் கைமாறியது.
இந்தக் கரையில் நூறு வருடம்
பேரீச்சம்பாகு சுமந்தது.
தோளில் யாரோ ஆணியால் கீறிய ஒரு 'ம'.
மரைக்காயரா, மாணிக்கமா,
மரக்கால் கணக்கா, தெரியாது.

திங்கட்கிழமை ஆசிய அறையில் வைத்தோம்.
செவ்வாய், இஸ்லாமிய அறைக்கு.
புதன், 'வளைகுடா வாழ்வு' பகுதிக்கு;
அங்கே பீடத்தில் உட்காரவில்லை, அடி அகலம்.
அரேபியா ஆசியாவில் இல்லையா
என்று கேட்டான் தில்பகதூர்,
பள்ளிக்கூட வரைபடத்தை இன்னும் நம்புகிறவன்.

கணினியில் பிறந்த இடத்துக்கு ஒரே கட்டம்.
வெறுமையாக விட்டால் சேமிக்காது.
என் அட்டையிலும் அப்படித்தான்,
தோப்புத்துறை என்று எழுத இடம் போதவில்லை.

இரவு பத்து மணிக்கு ஷைமா மேடம்
காலணியைக் கழற்றிவிட்டுத்
தரையில் உட்கார்ந்தார்.
கையில் எழுதி எழுதி அடித்த தாள்.
"தூக்கியது நீங்கள்.
நீங்களானால் என்ன எழுதுவீர்கள்?"

தெரிந்ததைச் சொன்னேன்.
முப்பத்தொன்பது கிலோ.
இடது பக்கம் கனம், சாய்ந்துதான் வரும்.
கழுத்துக்குள் டார்ச் அடித்தால்
வெளியே கறுப்பு மெருகில் மறைந்த விரல்தடம்
உள்ளே சுற்றிச் சுற்றி இறங்குகிறது,
சுண்டுவிரல் மட்டும் ஆழமாக.
கையுறையோடு என் விரலை
அதில் வைத்துப் பார்த்ததைச்
சொல்லவில்லை.

எழுதிக்கொண்டார்.
அச்சாகுமா தெரியாது,
மேலே ஏழு கையெழுத்து வேண்டும்.

அதுவரை ஜாடி
எந்த அறையிலும் இல்லாமல், நடைவழியில்,
தள்ளுவண்டிமேல், போர்வை சுற்றி.
துப்புரவுக்கு வந்த ஹட்டன் பெண்
அதைச் சுற்றித் தரை துடைத்தாள்;
போகிறபோது
முந்தானையைச் சரிசெய்வதுபோல்
போர்வையை ஒரு பக்கம் இழுத்துவிட்டாள்.

சக்கரத்தைப் பூட்டினேன்.
சனையா பஸ்ஸுக்கு நேரமாயிற்று.